குறுக்குத் தெரு வீணான இடமல்ல

போன வாரம் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தெற்குத் தீவுக் கப்பலுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் தோளில் இருந்த சாக்கை இன்னொரு தோளுக்கு மாற்றினார். உள்ளே சுறாக் கருவாடு. அம்மோனியா நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கியது. பக்கத்தில் நின்ற பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இந்தியில் திட்டினாள். நான் மட்டும் இன்னொரு முறை ஆழமாக இழுத்துக்கொண்டேன்.

என் இளமை முழுக்க அந்த நெடிதான். நான் வேலை பார்த்த நகரமைப்பு அலுவலகத்தின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத பிரிண்ட் அறை. வரைந்த ட்ரேசிங் தாளை மருந்து பூசிய தாளின்மேல் வைத்து வெளிச்சம் காட்டி, அம்மோனியா ஆவிக்குள் நுழைத்து எடுப்போம். வெறுமையாக உள்ளே போன தாள் தெருக்களோடு வெளியே வரும். ஊதா நிறக் கோடுகள். இன்னும் யாரும் நடக்காத தெருக்கள், யாரும் சண்டை போடாத மூலைகள், நாய்கூட படுக்காத நிழல்கள். கண்ணில் நீர் வழிய அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நெடியால் வந்த நீர்தான். முழுக்க நெடியால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த அறையில் ஏசி போட்டு கணினி வைத்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்த மேசையில் ஷாலினி என்ற இளம் இன்ஜினியர் உட்காருகிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"மேடம், நீங்க லேஅவுட் போட்ட அந்த ஷெல்டர் காலனி இருக்குல்ல, அத இப்ப ரீடெவலப் பண்றோம். நாலு குறுக்குத் தெருவும் வேஸ்ட் ஸ்பேஸ்னு ரிப்போர்ட்ல வந்திருக்கு. மூடிட்டு, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு கேட், உள்ள பார்க்கிங். நான் கேக்குறது தப்பா எடுத்துக்காதீங்க. அத ஏன் போட்டீங்க?"

கேட்டவள் நல்ல பிள்ளை. கேள்விதான் பிடிக்கவில்லை. பணிக்காலம் மிச்சமிருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் நான். கோபத்திலா என்று பலர் கேட்டார்கள். இல்லை என்று சொல்லி வைத்தேன். கோபத்தில்தான். ஊரைப் பற்றி ஊருக்கு வெளியே உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள்மீது இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அதனால் போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து போர்ட் பிளேரில் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். நான் இங்கே பிறந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம். பாலிடெக்னிக் படிப்பை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பென்சில் சீவக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களை இன்னொரு வரியில்: அழிக்கக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. மழையில் நடக்காத நிலத்துக்குத் தெரு வரையக் கூடாது. இங்கே வருடத்தில் பாதிக்கு மேல் மழைதான், ஆகவே சாக்கு சொல்ல முடியாது. குடையை மடக்கிவிட்டு நடக்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே காலை இழுக்கிறது என்று உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகுதான் தாள். முதலில் சரிவின் குறுக்காக, மட்டம் மாறாமல் போகும் நீளத் தெருக்கள். சரிவோடு நேராகக் கீழே இறங்கும்படி நீளத் தெரு போட்டால் முதல் மழையிலேயே அது ஆறு. பிறகு நீளத் தெருக்களைத் தைக்கும் குட்டைக் குறுக்குத் தெருக்கள், செங்குத்தாக இருந்தால் படிகளோடு. மனைகள் கடைசியில். மனையை முதலில் வெட்டிவிட்டு மிஞ்சிய இடத்தைத் தெரு என்று அழைப்பவர்களும் உண்டு. அவர்கள் தாளில் மனை நிறைய இருக்கும். ஊர் இருக்காது.

தாள் முடிந்ததும் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு. முளை அடிப்பதற்கு முன் கோட்டை இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிடுவோம். ஜனங்கள் நடக்கட்டும். எந்தக் கோட்டை மிதித்து அழிக்கிறார்களோ அங்கே நாங்கள் தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

கட்டம் கட்டமாகத் தெரு போடுவதை நான் ஆதரிக்கிறேன் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. சதுரங்கப் பலகை, ஜெயில், உயிரில்லாத ஊர் என்பார்கள். வளைந்த தெருதான் அழகு, முட்டுச் சந்துதான் அமைதி என்பார்கள். போர்ட் பிளேரில் அப்படி ஒரு அழகான குடியிருப்பு இருந்தது. ஒரே நுழைவு, உள்ளே வளைந்து வளைந்து போகும் ஒரே சாலை. ஒரு மழைக்காலத்தில் நுழைவில் பெரிய மரம் சாய்ந்தது. உள்ளே இருந்த ஒரு கர்ப்பிணியைக் கட்டிலோடு தூக்கி மதில் சுவர் தாண்டி இறக்கினார்கள். மரம் விழுந்ததில் யார் மீதும் தப்பில்லை. ஒரே ஒரு வழி என்பதுதான் தப்பு. அதை நான் அன்றே உரக்கச் சொன்னேன். இன்றும் சொல்கிறேன். கட்டத்தில் ஒரு தெரு செத்தால் பக்கத்துத் தெரு உயிரோடிருக்கும். ஒழுங்கு என்று நான் சொல்வது அதைத்தான். பார்க்க நேராக இருப்பது இரண்டாம் பட்சம்.

என் மேலதிகாரி வரதராஜன் சார் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். வரைபடத்தை மேசையில் விரித்தால் தன் நாற்காலிப் பக்கம் நிற்க மாட்டார். எதிர்ப்பக்கம் வந்து தலைகீழாகப் பார்ப்பார். "நேரா பாத்தா நாம நெனச்சது தெரியும். தலைகீழா பாத்தா நாம வரைஞ்சது தெரியும்" என்பார். பென்சிலைக் காதில் செருகியிருப்பார், ஆனால் மற்றவர் வரைந்த தாளில் அவர் பென்சில் பட்டு ஒரு முறை தவிர நான் பார்த்ததில்லை. இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. முடியாது என்று முடிவு செய்துவிட்டால் மணியடித்து டீ சொல்வார். டீ வந்தால் உங்கள் திட்டம் போயிற்று. சர்க்கரை போட்ட டீ என்றால் நிரந்தரமாகப் போயிற்று. அலுவலகத்தில் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம்: "என்ன ஆச்சு, டீ குடிச்சியா?"

கடல் ஏறி வந்து கரையை வழித்துக்கொண்டு போன வருடத்துக்கு அடுத்த வருடம். தெற்கே ஒரு தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளிகள், கரையோரத்தில் இருந்தவர்கள், எல்லாரையும் தகரக் கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். தோட்டத்துத் தமிழர்கள் இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே குடியேற்றப்பட்டவர்கள். இரண்டாம் முறையாக வீடிழந்தவர்கள். அவர்களுக்கு மேட்டில் நிரந்தர வீடு கட்ட வேண்டும். மெயின்லேண்டில் யாரோ வரைந்து வண்ணம் தீட்டிய திட்டம் கப்பலில் வந்து சாரின் மேசையில் விரிந்திருந்தது. ஒரு பூ. நடுவில் வட்டமாகச் சமுதாயக் கூடம், சுற்றி ஆறு இதழ்கள், ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஒரு தெரு போய் முட்டி நிற்கும்.

"எப்படிம்மா இருக்கு?"

"அழகா இருக்கு சார். வானத்துலருந்து பாக்க."

"பெரிய மனுஷங்க ஹெலிகாப்டர்லதானே வருவாங்க."

கேலியா, நிஜமா என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

"இருக்கப் போறவங்க நடந்துதானே சார் போவாங்க. ஒரு இதழ்லருந்து பக்கத்து இதழுக்கு உப்பு வாங்கப் போனாலும் நடுவுக்கு வந்து சுத்தணும். கப்பல் வர்ற நேரத்துல ஊரே வாழைத்தாரும் மூட்டையுமா ஜெட்டிக்கு ஓடும். நடு வட்டம் அடைச்சுக்கிட்டா யாரும் எங்கயும் போக முடியாது."

"கம்யூனிட்டி ஃபீலிங் வரும்னு எழுதியிருக்காங்களே."

"நடுவுல ஒரு கோபுரத்த வெச்சு சுத்திக் கைய நீட்டிவிட்ட கட்டடம் நம்ம ஊர்லயே இருக்கு சார். அதுக்குள்ள இருந்தவங்களுக்கு என்ன ஃபீலிங் வந்துச்சுன்னும் எல்லாருக்கும் தெரியும்."

போர்ட் பிளேரின் பழைய ஜெயிலைத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மணியடித்தார். "ரெண்டு டீ. சர்க்கரை வேண்டாம்."

சர்க்கரை வேண்டாம் என்றதில் ஒரு துளி இடம் இருந்தது. அதில் காலை வைத்தேன். என் கட்டத் திட்டத்தையும் கொண்டுபோய் இரண்டையும் அந்த ஜனங்களிடம் காட்டட்டுமா என்று கேட்டேன். டீயை முடித்துவிட்டு, "கப்பல் டிக்கெட் போட்டுக்கோங்க" என்றார்.

தீவில் போய் மேட்டின் ஒரு பக்கம் பூவையும் மறுபக்கம் என் கட்டத்தையும் சுண்ணாம்பில் போட்டோம். ஜனங்கள் வந்து பார்த்தார்கள். நான் ஜெயிப்பேன் என்று நினைத்திருந்தேன். பால் வெட்டும் பாக்கியம் என் கோட்டின் முனையில் வந்து நின்றார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ரப்பர் மரத்தில் கீறல் போட்டுப் போட்டு வலது கட்டைவிரல் நகம் தேய்ந்து போனவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர்.

கோட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இது லயம்தானே, தங்கச்சி."

"லயம் இல்லக்கா, தெரு."

"ஒரே நேரா வரிசையா வீடு. முதுகோட முதுகு ஒட்டி. கடைசியில கங்காணி வூடு இருக்கும், அதத் தாண்டித்தான் வெளிய போவணும். நாங்க பாத்தாச்சு. கோடு நேரா போனாலே எங்களுக்கு அந்த நெனப்புதான். அந்தா, அந்தப் பூவு நல்லாருக்கு. பூவுக்குள்ள நின்னு எவனும் பெரட்டு கூப்புட மாட்டான்."

லயம் என்றது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளை. காலையில் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். லயம் வேறு, கட்டம் வேறு என்று என்னென்னவோ சொன்னேன். தாளை விரித்துக் காட்டினேன். பாக்கியம் தாளைப் பார்க்கவில்லை. என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச் செருப்பு. அந்தக் கூட்டத்தில் செருப்பு இருந்தது எனக்கு மட்டும்தான்.

கப்பல் வர நான்கைந்து நாளாகும். கீழே கொட்டகைகளில் ஒரு குடும்பத்தோடு தங்கினேன். மூன்று வரிசைக் கொட்டகைகள், மேட்டின் அடிவாரத்தில், ஒன்றின்பின் ஒன்றாக. ஒவ்வொரு வரிசையும் இடைவெளியே இல்லாமல் நீண்ட ஒரே தகரச் சுவர். அவசரத்தில் கட்டியது, கட்டியவர்களைக் குறை சொல்லவில்லை. நான் தங்கியது கடலை ஒட்டிய கடைசி வரிசை. பாக்கியத்தின் வீடு மேட்டை ஒட்டிய முதல் வரிசையில்.

இங்கே விடியல் சீக்கிரம் வரும். மெயின்லேண்ட் தூங்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் முற்றத்தில் வெயில் நிற்கும். அப்படி ஒரு காலை வெயிலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நிலம் ஆடியது. அந்த வருடம் முழுக்க நிலம் அவ்வப்போது ஆடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் யாரும் பழகிக்கொள்ளவில்லை. ஒருவரும் கத்தவில்லை. எல்லாரும் மேட்டைப் பார்த்து ஓடினோம். ஓடினால் எதிரே தகரச் சுவர். மேடு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. போக வேண்டுமானால் வரிசையின் கடைசிவரை ஓடிச் சுற்றி வர வேண்டும். கடைசியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடம். அங்கே ஏற்கெனவே நெரிசல். குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் வரிசையில் இரண்டு பக்கமும் கதவு வைத்த பாலர் பள்ளிக் கொட்டகை ஒன்று இருந்தது. கொஞ்சம் பேர் அதன் வழியாக நுழைந்து முதல் வரிசையின் முதுகுவரை வந்துவிட்டோம். அங்கே வழி இல்லை. தகரத்தைக் கையால் அடித்தோம். நானும் அடித்தேன். என் படிப்பு, என் ட்ரேசிங் தாள், என் வாதம் எல்லாம் என் உள்ளங்கையில் வந்து தட்டிக்கொண்டிருந்தன.

உள்ளேயிருந்து ஒரு குரல். "தள்ளி நில்லுங்க."

தாவ் என்று இங்கே சொல்கிற அகலக் கத்தியின் முனை தகரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. கீழ்நோக்கிக் கிழித்தது. தகரம் பழைய துணிபோல மடிந்தது. உள்ளே பாக்கியம். ஒரு காலால் அடுப்பைத் தள்ளிவிட்டு, "குனிஞ்சு வாங்க, தலைய வெட்டிக்காதீங்க" என்றார். அவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர் பாயை மிதித்து, அவர் வாசல் வழியாக வெளியேறி மேட்டில் ஏறினோம். கடைசி ஆள் வரும்வரை அவர் ஓட்டையின் பக்கத்தில் தகரத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடல் வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் எல்லாரும் இறங்கினோம்.

ஓட்டை மட்டும் இருந்துவிட்டது. யாரும் அதற்குப் பிறகு சுற்றிப் போகவில்லை. தண்ணீர்க் குடம், பள்ளிப் பிள்ளைகள், கோழி, ஒரு சைக்கிள் எல்லாம் பாக்கியத்தின் வீட்டுக்குள் புகுந்து வெளியேறின. பாக்கியம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினார், ஒருவரையும் நிறுத்தவில்லை. அடுப்பை மூலைக்கு மாற்றினார். பாயைச் சுருட்டி மேலே வைத்தார். கூர்மையாக நின்ற தகர விளிம்பைச் சுத்தியால் தட்டி மடித்தார். "பாக்கியம் சடக்" என்று ஒரு பையன் கரியில் எழுதி வைத்தான். சடக் என்றால் இந்தியில் சாலை.

அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு அதிகாரிகள் பாக்கியத்திடம் விளக்கம் கேட்டார்கள். அதற்குள் வரதராஜன் சார் பார்வையிட வந்தார். நான்தான் அவரை நேராகப் பாக்கியத்தின் வாசலுக்கு அழைத்துப் போனேன். வாசலில் நின்று ஷூ நாடாவைப் பிடித்தார்.

"ஷூவைக் கழட்டணுமாம்மா?"

பாக்கியம் உள்ளேயிருந்து சொன்னார், "ரோட்டுல யாரு தொரை செருப்பக் கழட்டுறாங்க? சும்மா வாங்க."

சார் ஷூவோடு உள்ளே வந்தார். வீட்டின் நடுவில் நின்றார். முன்னால் மேடு. பின்னால் ஓட்டை வழியாகக் கடல். அந்த நேரத்தில் ஒரு பெண் தலையில் விறகோடு குனிந்து நுழைந்து, அவரைப் பார்த்து, "ஹட்டோ பாபு, ஓரம்" என்றாள். ஒதுங்கினார். அவள் போனாள்.

"இத அடைச்சிட்டா?" என்று பாக்கியத்திடம் கேட்டார்.

"அடைங்க. திரும்ப வெட்டுவேன்."

"வேற வீட்டுக்கு மாத்தித் தரேன்னா?"

"நான் மாறிருவேன் தொரை. சனம் எங்க மாறும்?"

நான் அங்கே வாயைத் திறந்தேன். "அக்கா, நான் மேட்டுல போட்டது வெறும் நேர்கோடா? நாலு எடத்துல குறுக்கப் போட்டிருந்தேனே, அது இதுதான். லயத்துல இல்லாதது இது ஒண்ணுதான்."

பாக்கியம் ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப நீ கோட்டக் காட்டிருக்கக் கூடாது தங்கச்சி. ஓட்டையக் காட்டிருக்கணும்" என்றார்.

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான கண்டனம் அது. அதன்பிறகு எந்த ஊரிலும் நான் தாளை முதலில் விரித்ததில்லை.

சார் டீ கேட்கவில்லை. பாக்கியத்தின் வீட்டுத் தரையில் என் வரைபடத்தை விரிக்கச் சொல்லி, எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தார். குறுக்குத் தெருவின் படிகளுக்குப் பக்கத்திலேயே மழைத் தண்ணீர் இறங்கும் கால்வாய் போட்டார். நான் அதைத் தனியாகப் போட்டிருந்தேன். அவருடையது நல்ல யோசனை. மூலை மனைகளுக்கு நேரே ஏதோ பொடி எழுத்தில் எழுதினார். "மூலையில இருக்கவங்க கடை வெச்சுக்கலாம்னு போட்டிருக்கேன். நாளைக்கு எவனாவது குடியிருப்புப் பகுதின்னு சட்டம் பேசக் கூடாது." பிறகு பென்சிலை நிறுத்தினார். "ஒண்ணு இருக்கு. நாலு குறுக்குத் தெரு வேணும்னா ஒவ்வொரு மனையிலயும் அகலம் ஒரு முழம் போகும். இவங்க ஒத்துக்கிட்டாத்தான்."

அன்று சாயங்காலம் மேட்டில் கூட்டம். ஒரு முழம் என்றதும் இரைச்சல். எல்லாம் இழந்தவர்களிடம் போய் இன்னும் ஒரு முழம் கொடு என்று கேட்கிறோம். சின்னத்தம்பி என்ற படகுக்காரர் எழுந்தார். கரையில் அவருக்கு நல்ல அகலமான மனை இருந்ததாம்.

"கண்டவனெல்லாம் நடக்க எம் மண்ணுதான் கெடச்சுதா?"

பாக்கியம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார், "அன்னைக்கு எம் பாயில சேறோட ஓடுனியே சின்னத்தம்பி, அது ஒன் மண்ணா?"

கூட்டம் சிரித்தது. சின்னத்தம்பி சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, "சரி. ஆனா ஒரு முழம்னா ஒரு முழம். நாளைக்கு வந்து இன்னொரு முழம்னு நிக்கக் கூடாது" என்றார். அப்படித்தான் அந்த நான்கு குறுக்குத் தெருக்கள் வந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு முழம் வெட்டித் தைத்தது. வீணான இடம் என்று எழுதியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகு வந்த வருடங்களில் அந்த ஊர் என்னைக் கேட்காமல் என்னவெல்லாம் செய்துகொண்டது. ஜெட்டியைத் தெற்கே மாற்றினார்கள். ஊரின் வாசல் வேறு பக்கம் போயிற்று. பூவாக இருந்திருந்தால் அதன் இதழ்கள் அந்தரத்தில் நின்றிருக்கும். கட்டம் அசையவில்லை. நடை மட்டும் இடம் மாறியது: முதல் தெருவில் இருந்த கடைகள் ஒவ்வொன்றாக மூன்றாம் தெருவுக்கு நகர்ந்தன, முதல் தெருவில் கயிற்றுக் கட்டிலும் பாக்குக் காய வைத்த பாயும் வந்தன. இரண்டாம் குறுக்குத் தெருவின் மூலையில் ஒரு வங்காளி தையல் கடை போட்டார். அது செல்போன் கடையாகி, இப்போது மருந்துக் கடை. வடக்கே திக்லிபூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து பின்மனையில் வீடு கட்டி நுழைவைக் குறுக்குத் தெருவில் வைத்துக்கொண்டது. படிகளில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். ஒரு தெருவில் கல்யாணப் பந்தல் போட்டால் ஊர் அடுத்த தெருவில் போகிறது. நான் வரைந்தது கோடுகள்தான். அவற்றுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நேராக இருப்பது வளைந்து கொடுக்காது என்று யார் சொன்னது?

போன வாரம் நான் வரிசையில் நின்ற கப்பல் அந்தத் தீவுக்குத்தான் போனது. ஷாலினியும் வந்தாள், பள்ளிக்கூடத்தில் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தாள். திரையில் கேட்டுகளைக் காட்டினாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பைக் நிறுத்த இடமில்லை, உண்மை. பையன்கள் குறுக்குத் தெருவில் படிக்கு மேல் வண்டியை ஏற்றி விளையாடுகிறார்கள், உண்மை. கேட் வேண்டும் என்று கை தூக்கியவர்களும் இருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க வரைஞ்சிட்டுப் போயிட்டீங்க, என் பைக் ரெண்டு தடவை திருடு போச்சு" என்றார்.  பைக்குக்குப் பூட்டுப் போடலாம், ஊருக்குப் போடக் கூடாது என்றுதான் தோன்றியது, சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

பாக்கியம் இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். முழங்கால் வலி. பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, ஒரு கேள்வி. நெலம் ஆடுனா அந்த கேட்டு சாவி யார்ட்ட இருக்கும்?"

"ஆன்ட்டி, ஆட்டோமேட்டிக் கேட். கரண்ட்ல தெறக்கும்."

பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்தத் தீவில் கரண்ட் என்ன பாடுபடுத்தும் என்பது கேட் வேண்டும் என்று கை தூக்கியவர்களுக்கும் தெரியும். ஷாலினிக்கு முகம் சிவந்தது. பிறகு அவளும் சிரித்தாள். கணினியை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, கேட்ட விடுங்க. பைக்குக்கு என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றாள். கப்பல் நேரம்வரை பேசினார்கள். பழைய ஜெட்டி மேடையில் கொட்டகை போடலாம் என்று ஒருவர் சொன்னார். மூன்று பேர் மறுத்தார்கள். ஷாலினி போய் அளந்து பார்த்தாள்.  எனக்கு அங்கே வேலை இல்லை.

பாக்கியம் ஜெட்டிவரை வந்தார், வலிக்கும் காலோடு, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல். கப்பலில் ஏறும் பலகையில் ஷாலினி ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆன்ட்டி, ஜனங்க ஒத்துக்கலன்னு நான் எழுதிருவேன். ஆனா முடிவு எங்கிட்ட இல்ல. மேலருந்து மூடச் சொல்லியே ஆர்டர் வந்திட்டா?"

"வரட்டும் பாப்பா. மூடுனா திரும்ப வெட்டுவோம். அவங்க வர்றதுக்குக் கப்பல் வேணும். எங்களுக்கு நடந்தா போதும்."